நெல்லும் விளைந்தது, மீனும் திரும்பியது

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



ஒரே தண்ணீருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் வாய்ச்சண்டை வராத ஊர் உண்டா? இன்றைக்கு நான் சொல்லப்போவதும் அப்படி ஒரு தண்ணீர் வழக்குதான். ஒரு பக்கம் நெல் விவசாயிகள். இன்னொரு பக்கம் வாயில்லாத ஜீவன், ஒரு மீன். நடந்த இடம் அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம். ஆற்றின் பெயர் பியூட் கிரீக்.

"அமெரிக்கா சமாச்சாரம் நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதை நடந்தது நெல் வயல்களுக்கு நடுவிலே. மீன் அழியும் நிலைக்கு வந்ததில் பாசனத்துக்குப் பங்கு உண்டு. அதை மீட்டதிலும் பாசன விவசாயிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கள் தண்ணீரை இழக்காமலே அவர்கள் அதைச் செய்தார்கள். அது எப்படி என்று தெரிந்து கொள்வதில் நமக்கு ஆதாயம்தானே?

நெல் விளையும் பள்ளத்தாக்கு

கலிபோர்னியாவின் வட பகுதியில் சாக்ரமென்டோ என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் நல்ல களிமண் பூமி. 1912-ம் ஆண்டிலிருந்து அங்கே வியாபார ரீதியாக நெல் பயிரிடுகிறார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் வருஷத்தில் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் நெல் சாகுபடி ஆகும். நாற்று விட்டு நடுவதில்லை. ஊறவைத்த விதையை, தண்ணீர் கட்டிய வயலில் ஆகாய விமானத்திலிருந்து தூவி விடுகிறார்கள். சித்திரை, வைகாசி வாக்கில் விதைப்பு. புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை.

ஒரு விஷயத்தை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஊரிலே மழை பெய்வது குளிர்காலத்தில்தான். மலையிலே பனி கொட்டிக் கிடக்கும். கோடையிலே ஒரு சொட்டு மழை இருக்காது. ஆகவே நெல்லுக்குப் பாய்வது, மலையில் உருகி வரும் பனித் தண்ணீரும் அணைகளில் பிடித்து வைத்த தண்ணீரும்தான்.

பியூட் கிரீக் இந்தச் சாக்ரமென்டோவில் வந்து சேரும் ஒரு சின்ன ஆறு. கிழக்கே மலைக்காட்டில் பிறந்து, செங்குத்தான பாறைப் பள்ளத்தில் இறங்கி, சமவெளிக்கு வந்ததும் நெல் வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. அதற்குக் கீழே தாழ்வான சதுப்பு நிலங்களில் பரவி, கடைசியில் பெரிய ஆற்றோடு கலக்கிறது.

நாலு பட்டத்து மீன்

சால்மன் என்ற மீனைப் பற்றித்தான் பேச்சு. நம்ம கடற்கரையில் காலா மீனை இந்தியன் சால்மன் என்று சொல்வார்கள். அது வேறு, இது வேறு. இது ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிற மீன். நம்ம காவிரியிலும் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும் உல்லம் மீன் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அதன் வரத்து அருகிப் போயிற்று. பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம்.

சாக்ரமென்டோ ஆற்றில் ஏறும் சால்மனுக்கு சினூக் என்று பெயர். நமக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் இருப்பது போல, அந்த மீனுக்கும் நாலு பட்டம் உண்டு. இலையுதிர் காலத்தில் ஏறுவது ஒன்று, அதற்குப் பிந்தியது ஒன்று, குளிர்காலத்தில் ஏறுவது ஒன்று, வசந்த காலத்தில் ஏறுவது ஒன்று. பியூட் கிரீக்கில் பெயர் பெற்றது வசந்த காலத்துப் பட்டம்.

இதன் வாழ்க்கையைக் கொஞ்சம் கவனியுங்கள். மாசி, பங்குனியிலிருந்து பனி உருகி ஆற்றில் வெள்ளம் வரும்போது மீன் கடலிலிருந்து ஏறத் தொடங்கும். வயல்வெளியைத் தாண்டி மலைப்பள்ளத்துக்குப் போய், குளிர்ந்த ஆழமான மடுக்களில் தங்கிவிடும். கோடை முழுவதும் அங்கேயே கிடக்கும். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இரை எடுக்காது. கடலில் தின்று சேர்த்த கொழுப்பிலேயே உயிர் வாழும். புரட்டாசி, ஐப்பசியில் தண்ணீர் குளிர்ந்ததும், பெண் மீன் வாலால் கூழாங்கல்லைப் பறித்துக் குழி செய்து முட்டையிடும். ஒரு மீன் மூவாயிரம் முதல் ஐயாயிரம் முட்டை வரை இடும். பிறகு தாயும் தகப்பனும் செத்துப் போகும். அவ்வளவுதான் அவற்றின் ஆயுசு.

கூழாங்கல்லுக்குள் பொரித்த குஞ்சு, குளிர்கால வெள்ளத்தோடு சமவெளிக்கு இறங்கும். தாழ்வான நிலங்களில் சில வாரம் மேய்ந்து கொழுத்து, பிறகு கடலுக்குப் போகும். பெரும்பாலும் மூன்றாம் வருஷம் திரும்பி வரும். தான் பிறந்த ஆற்றுத் தண்ணீரின் வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த மூன்று வருஷக் கணக்கை மறந்து விடாதீர்கள். பின்னால் அது தேவைப்படும்.

எப்படிக் குறைந்தது?

ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வசந்த காலத்துச் சால்மன் லட்சக்கணக்கில் ஏறியது. 1850-ஐ ஒட்டித் தங்கம் தேடி ஜனங்கள் குவிந்தார்கள். பீய்ச்சும் குழாயால் மலையையே கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். அந்தச் சேறும் கல்லும் ஆறுகளை மூடின. கீழே இருந்த விவசாயிகளின் நிலங்களும் மண்மேடாயின. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 1884-ல் அந்தக் கழிவை ஆற்றில் கொட்டுவதற்குத் தடை வாங்கினார்கள். அப்போது நிலத்துக்கும் மீனுக்கும் எதிரி ஒன்றாகவே இருந்தது.

அதற்குள் வேறு தொல்லையும் வந்தது. 1864-ல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு அப்படிப் பல வந்தன. வலை போட்டு அள்ளியதற்கு அளவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய அணைகள் வந்தன. 1945-ல் ஷாஸ்டா அணை கட்டி முடிந்தது. 1968-ல் ஓரோவில் அணை வந்தது. இந்த அணைகளால் மக்களுக்கு நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளம் அடங்கியது, பாசனம் பெருகியது, மின்சாரம் கிடைத்தது. ஆனால் அணைக்கு மேலே இருந்த குளிர்ந்த மலை ஆறுகளுக்குச் சால்மன் போக முடியாமல் கதவு சாத்தப்பட்டது. வசந்த காலத்து மீனுக்கு அந்த மலை மடுதான் வீடு. ஆகவே அதிக அடி பட்டது அதற்குத்தான். பெரிய அணை இல்லாமல் தப்பிய சில சின்ன ஆறுகளில் மட்டும் அது மிச்சமிருந்தது. அதில் ஒன்று பியூட் கிரீக்.

அங்கே பெரிய அணை இல்லையே தவிர, சின்னத் தடுப்பணைகள் வரிசையாக இருந்தன. பாசனத்துக்காகப் பலகை போட்டுத் தண்ணீரை உயர்த்துகிற அணைகள். நம்ம ஊர் வாய்க்காலில் பலகை போட்டு மடைக்குத் தண்ணீர் ஏற்றுகிறோமே, அதே வேலைதான். அளவுதான் பெரிசு.

இப்போ காலத்தைப் பாருங்க. மீன் ஆற்றில் ஏறுவது வசந்த காலத்தில். நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதும் அதே சமயம்தான். மீன் ஒவ்வொரு தடுப்பணையிலும் வந்து முட்டி நிற்கும். ஏற வழி தேடித் தேடிச் சக்தியை இழக்கும். அணைக்குக் கீழே தண்ணீர் குறைந்து, வெயிலில் சூடேறும். ஏற முடிந்தவை ஏறும். முடியாதவை அங்கேயே சாகும். மேலேயிருந்து இறங்கி வரும் குஞ்சுகளுக்கு வேறு ஆபத்து. வாய்க்கால் தலைப்பில் சல்லடை இல்லாததால், தண்ணீரோடு வயலுக்குள் போய்விடும். திரும்பி ஆற்றுக்கு வர வழி இருக்காது.

முடிவு என்ன ஆச்சு தெரியுமா? 1987-ம் வருஷம் பியூட் கிரீக்கில் எண்ணிப் பார்த்தபோது வசந்த காலத்துச் சால்மன் 14-தான் இருந்தது என்று மீன்வளத் துறைக் கணக்கு சொல்கிறது. பதினாலாயிரம் இல்லீங்க, வெறும் பதினாலு.

விவசாயிக்கு வந்த கவலை

இந்த இடத்தில் விவசாயிகளுக்கும் ஒரு கவலை பிடித்தது. அமெரிக்காவில் அழியும் உயிரினங்களைக் காக்கக் கடுமையான சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஒரு மீன் சேர்ந்துவிட்டால், அதைக் கொல்லும் எந்த வேலையையும் கோர்ட் நிறுத்தி வைக்கலாம். குளிர்காலத்துச் சால்மன் 1989-ல் அந்தப் பட்டியலில் ஏறியது. 1992-ல், பக்கத்துப் பகுதியில் ஒரு பெரிய பாசன அமைப்பு தன் பம்புகளில் மீன் குஞ்சுகளைச் சிக்க வைத்ததால், குஞ்சு இறங்கும் மாதங்களில் ஆற்றிலிருந்து இறைக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. பயிர் நிற்கும்போது பம்பை நிறுத்தச் சொன்னால் விவசாயியின் வயிறு என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும்.

பியூட் கிரீக்கை ஒட்டி வெஸ்டர்ன் கெனால் என்ற பாசன அமைப்பு இருக்கிறது. ஏறக்குறைய 60,000 ஏக்கர், பெரும்பாலும் நெல். மின்சாரக் கம்பெனி வசம் இருந்த அந்த வாய்க்காலை 1984-ல் நிலச் சொந்தக்காரர்களே விலைக்கு வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். பக்கத்தில் நடந்ததைப் பார்த்ததும் அவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். "நாளைக்கு வசந்த காலத்து மீனும் பட்டியலில் சேர்ந்தால் நம்ம கதி என்ன? கோர்ட்டில் போய் மல்லுக்கு நிற்பதா, அதற்கு முன்னால் நாமே ஒரு வழி செய்வதா?" இதுதான் கேள்வி.

வழி கிடைத்தது

அவர்கள் முதலில் செய்தது, தொல்லை எங்கே என்று சரியாகப் பார்த்தது. அந்த வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் உண்மையில் பியூட் கிரீக் தண்ணீரே இல்லை. கிழக்கே உள்ள ஃபெதர் என்ற வேறு ஆற்றின் தண்ணீர். ஆனால் வாய்க்கால் மேற்கே போகும் வழியில் பியூட் கிரீக் குறுக்கே ஓடியது. வாய்க்கால் தண்ணீரை ஆற்றுக்குள் விட்டு, தடுப்பணையால் மட்டம் உயர்த்தி, மறு கரையில் எடுத்துக் கொண்டு போனார்கள். அதாவது, ஆற்றைக் கடப்பதற்காகவே ஆற்றை அடைத்தார்கள்.

விஷயம் புரிகிறதா? மீனுக்கும் நெல்லுக்கும் சண்டை தண்ணீரின் அளவில் மட்டும் இல்லை. பாதி சண்டை, வழி மறிப்பதில் இருந்தது. வழி மறிக்காமல் கடக்க முடிந்தால்?

அதற்குத்தான் சைபன் போட்டார்கள். ஆற்றின் அடியிலே பெரிய கான்கிரீட் குழாய் புதைத்து, வாய்க்கால் தண்ணீரை ஒரு கரையில் இறக்கி, ஆற்றுக்குக் கீழே கொண்டு போய், மறு கரையில் மேலே எழும்ப விட்டார்கள். ஆறு மேலே, வாய்க்கால் கீழே. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த வேலை புதிசு இல்லை. ஆற்றுக்கு அடியில் வாய்க்கால் போவதை அங்கே பார்த்திருப்பார்கள்.

அணை இல்லாமலே தண்ணீர் மறு கரை போய்ச் சேர்ந்தது. ஆகவே நாலு தடுப்பணைகள் தேவையில்லாமல் போயின. அவற்றை இடித்து விட்டார்கள். 1997-ல் மெக்பெரின் என்ற அணையை இடிக்கத் தொடங்கியபோது, அப்போது அந்த நாட்டு அரசில் நிலம், நீர், காடு ஆகியவற்றைக் கவனித்த அமைச்சர் புரூஸ் பாபிட் தம் கையாலேயே சம்மட்டி பிடித்து அடித்தார். 1998-ல் வேலை முடிந்தது. செலவு 90 லட்சம் டாலர் அளவில் ஆயிற்று. விவசாயிகள் தங்கள் பங்கைப் போட்டார்கள். அரசும் பணம் தந்தது. நகரங்களுக்குத் தண்ணீர் வழங்கும் அமைப்புகளும் உதவின. எல்லாச் சுமையையும் விவசாயி தலையிலேயே கட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஒரு வேலை மட்டும் இல்லை. அதற்கு முன்பே 1993-ல் கீழே ஒரு சின்ன அணையை எடுத்திருந்தார்கள். எடுக்க முடியாத அணைகளில் மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு மாதிரி தொட்டிகள் கட்டினார்கள். மீன் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குத் தாவித் தாவி ஏறிவிடும். வாய்க்கால் தலைப்புகளில் குஞ்சு புகாமல் சல்லடை வைத்தார்கள். ஒரு பெரிய பண்ணை, பியூட் கிரீக்கிலிருந்து எடுத்து வந்த தண்ணீரில் விநாடிக்கு 40 கன அடியை ஆற்றிலேயே விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகப் பெரிய ஆறான சாக்ரமென்டோவிலிருந்து இறைத்துக் கொள்ள ஒப்புக்கொண்டது. அங்கே 40 கன அடி பெரிசாகத் தெரியாது. சின்ன ஆற்றுக்கோ அது உயிர்.

மீன் வந்தது

1998-ல் பியூட் கிரீக்கில் ஏறிய வசந்த காலத்துச் சால்மனின் கணக்கு 20,000-ஐத் தாண்டியது. பதினாலு எங்கே, இருபதாயிரம் எங்கே!

ஆனால் அவசரப்பட்டு, "சைபன் போட்ட அன்றைக்கே மீன் வந்துவிட்டது" என்று சொல்லிவிடக் கூடாது. மூன்று வருஷக் கணக்கு சொன்னேனே, அதைப் போட்டுப் பாருங்கள். 1998-ல் வந்த மீனில் பெரும்பாலானவை 1995-ல் இட்ட முட்டை. 1995 நல்ல மழை வருஷம். அந்த வருஷம் 7,500 மீன் வரை ஏறியிருந்தன. அதன் பிறகு வந்த வருஷங்களிலும் ஆற்றில் தண்ணீர் தாராளமாக ஓடியது. ஆகவே முதல் மகசூலைக் கொடுத்ததில் மழைக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் இத்தனை செலவும் வீணா? இல்லை. நல்ல மழை முன்பும் பெய்திருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் வழி அடைத்திருந்தது. வழி திறந்த பிறகு, ரொம்ப நல்ல மழை இல்லாத வருஷங்களிலும் ஆயிரக்கணக்கில் மீன் ஏறியது. 2001-லும் 2002-லும் எட்டாயிரத்துக்குக் குறையாமல் வந்தன. 1999-ல் வசந்த காலத்துச் சால்மன், விவசாயிகள் பயந்தது போலவே சட்டப் பட்டியலில் ஏறியது. ஆனால் அதற்குள் பியூட் கிரீக்கில் முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. நெல் சாகுபடி நிற்கவில்லை.

வயலிலேயே மீன் குஞ்சு

இன்னொரு செய்தி, நெல் விவசாயிகளான நமக்கு ரொம்பப் பிடித்தமானது.

முன்பெல்லாம் அவர்கள் அறுவடை முடிந்ததும் வயலில் தாளையும் வைக்கோலையும் கொளுத்தி விடுவார்கள். புகை ஊரையே மூடும். 1991-ல் சட்டம் போட்டு, கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வேறு வழியில்லாமல் விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டித் தாளை மட்க விட்டார்கள். தாள் மட்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பூச்சிகள் கோடிக்கணக்கில் பெருகின. வாத்துகளும் நீர்ப்பறவைகளும் வந்து இறங்கின.

டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், "இந்தப் பூச்சியைச் சால்மன் குஞ்சு தின்னாதா?" என்று யோசித்தார்கள். 2012-ல், சாக்ரமென்டோவை ஒட்டிய வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில், அறுவடை முடிந்த நெல் வயலில் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். சில வாரத்துக்குள் அவை ஆற்றில் வளரும் குஞ்சைவிடப் பல மடங்கு வேகமாகக் கொழுத்தன. காரணம் லேசானது. கரை கட்டிய ஆற்றில் தண்ணீர் வேகமாக ஓடும், இரை குறைவு. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும், வெயில் படும், இரை ஏராளம். கொழுத்த குஞ்சு கடலுக்குப் போனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

பியூட் கிரீக் குஞ்சுகளுக்கு இயற்கையாகவே இப்படி ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. ஆறு கடைசியில் தாழ்வான சதுப்பில் பரவுகிறது என்று சொன்னேனே, அதுதான். அந்த மேய்ச்சல் நிலம் இருந்ததாலேதான், வழி திறந்ததும் அந்த மீன் அத்தனை சீக்கிரம் பெருகியது.

மீண்டும் விழுந்த அடி

இதோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும்.

சால்மனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். முட்டை பொரிக்க 13 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி தேவை. மடுவில் கிடக்கும் பெரிய மீனுக்கும் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. 2002-லும் 2003-லும் கோடைச் சூட்டில் நோய் கண்டு ஆயிரக்கணக்கில் செத்தன. கூட்டம் நிறைய, மடு கொஞ்சம், தண்ணீர் சூடு. கோழிக்கொட்டாயில் அளவுக்கு மீறி அடைத்தால் கழிச்சல் பரவுவது போலத்தான்.

2021-ல் கடும் வறட்சி. அந்த வருஷம் பியூட் கிரீக்கில் 20,000-க்கு மேல் மீன் ஏறியது. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கோடையில் தண்ணீர் சூடேறி நோய் பரவியது. பெரும்பகுதி மீன், முட்டையிடும் முன்பே மடுக்களில் செத்து மிதந்தது. கதிர் முற்றி நிற்கும்போது வயல் சாய்ந்த மாதிரி.

மூன்று வருஷக் கணக்கு இங்கேயும் வேலை செய்தது. 2020-ல் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள், 2021-ன் வறண்ட ஆற்றில் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. 2023-ல் அவை திரும்பி வர வேண்டிய நேரத்தில் பியூட் கிரீக்கில் வந்தது ஏறக்குறைய நூறு மீன்தான். அதே வருஷம் ஆகஸ்டில், மேலே மலையில் மின் உற்பத்திக்கான பழைய வாய்க்கால் ஒன்று உடைந்து, செம்மண் சேறு ஆற்றில் பாய்ந்தது. அந்த வருஷம் அரசுத் துறைகளும் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, காட்டு மீனின் வித்து அற்றுப் போகாமல் இருக்கக் கொஞ்சம் குஞ்சுகளைப் பிடித்துத் தொட்டியில் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். விதை நெல்லைப் பத்திரப்படுத்துவது போல.

வறட்சி விவசாயியையும் விடவில்லை. 2022-ல் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல் சாகுபடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கடலில் சால்மன் பிடிப்பவர்களுக்கு 2023-லும் 2024-லும் கலிபோர்னியாவில் தொழிலே மூடிக் கிடந்தது. நெல்லுக்கும் மீனுக்கும் மீனவருக்கும் தலைவிதி ஒன்றாகத்தான் இருந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சரி, இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?

ஒன்று: சண்டைக்கு முன்னால் தொல்லை எங்கே என்று பார்க்க வேண்டும். "உனக்கா தண்ணி, எனக்கா தண்ணி" என்று பேசிக்கொண்டே இருந்திருந்தால், அந்த விவசாயிகளும் மீனும் சேர்ந்தே நஷ்டப்பட்டிருப்பார்கள். வாய்க்கால் ஆற்றைக் கடக்கும் விதம்தான் கோளாறு என்று கண்டுபிடித்ததும், பாசனத் தண்ணீரைக் குறைக்காமலே வழி பிறந்தது. எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டு: சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே தாமாக வந்து உட்கார்ந்து பேசியதால், திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் விவசாயிகளின் சொல் எடுபட்டது. செலவுக்கும் பலர் தோள் கொடுத்தார்கள்.

மூன்று: மீட்டு விட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியாது. மீனுக்குக் கடலும் வேண்டும், வழியும் வேண்டும், மடுவும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும், குஞ்சுக்கு மேய்ச்சலும் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. பியூட் கிரீக் விவசாயிகள் தங்கள் பக்கத்துக் கண்ணியைச் சரி செய்தார்கள். குளிர்ந்த தண்ணீர் என்ற கண்ணி மேலே மலையில் இருக்கிறது. அங்கே மின் உற்பத்திக்கு எவ்வளவு தண்ணீரை எப்போது விடுவது, பழைய வாய்க்கால்களை என்ன செய்வது என்பதெல்லாம் வேறு பலர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவை. அதற்காக விவசாயி செய்த வேலை வீண் என்று ஆகாது. 2021-ல் இருபதாயிரம் மீன் அந்த மடு வரைக்கும் போய்ச் சேர முடிந்ததே, அது திறந்த வழியால்தான். பழையபடி அணைகள் இருந்திருந்தால் அத்தனை மீன் அங்கே வந்தே இருக்காது.

பதினாலு மீன் இருந்த ஆற்றில் ஒரு தரம் இருபதாயிரம் வந்தது. ஆகவே நூறு மீன் வந்த ஆற்றில் மறுபடியும் வர முடியாது என்று சொல்வதற்கு இல்லை. வித்து இருக்கிறது. வழி திறந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரும் கிடைத்துவிட்டால், மூன்று வருஷம், ஆறு வருஷம், ஒன்பது வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வித்தும் ஈரமும் இருந்தால் தரிசையும் விளைநிலமாக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் ஊரிலும் ஓடையிலோ ஆற்றிலோ தடுப்பணை கட்டும் பேச்சு வந்தால், தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறபோதே, மீன் ஏறி இறங்க ஒரு வழி விட முடியுமா என்றும் பொறியாளரிடம் கேட்டு வையுங்கள். கட்டுகிறபோதே விட்டால் செலவு கொஞ்சம். பிறகு இடித்துக் கட்டுவதென்றால் எத்தனை செலவு என்பதைத்தான் இப்போது கேட்டீர்களே.